எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தவன்

அத்தியாயம் 7

மூன்று போட்டோக்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, "ஃபோர்ஜரி" என்று தீர்ப்புச் சொன்னான் சாய்கிருஷ்ணா.

தீர்ப்புச் சொல்ல அவனுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருஷம் நசுங்கின வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட் எழுதிய சர்வேயர் அவன். வாய் நீளம் என்று வேலை போயிற்று. இப்போது அதே வாயை மூலதனமாக வைத்துக்கொண்டு, சைனிக்புரியில் திரிபுரசுந்தரியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகக் காலம் தள்ளுகிறான். மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழன். நாலு வார்த்தை தமிழ் பேசினால் ஐந்தாவது வார்த்தை ஹைதராபாத்தாக இருக்கும்.

திரிபுரசுந்தரி பூதக்கண்ணாடியை எடுத்தாள். மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் விஜிலன்ஸ் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ரிட்டயரானவள். ஒருவன் அட்டையை இன்னொருவன் பஞ்ச் செய்யும் ப்ராக்ஸி வருகையைப் பிடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். ஊர் திருநெல்வேலி. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவள் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையை விட்டு நகரவில்லை.

எதிர் நாற்காலியில் புஷ்பா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகக் கட்டிய புடவை. அவள் புருஷன் பக்தவத்சலம் சொந்தமாக ஒரு குட்டி வேன் வைத்து, ஜெட்பந்து என்கிற அவசர சரக்குக் கம்பெனிக்கு ஓட்டுகிறான். கூப்பிட்ட மாத்திரத்தில் போய், சொன்ன நேரத்துக்குள் சேர்க்க வேண்டிய சரக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அந்த வேன் பட்டான்சேரு ரோட்டில் ஒரு எடைமேடைச் சுவரின் மேல் ஏறிவிட்டது. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்கு இரண்டு காலும் முறிந்தன. பக்தவத்சலத்துக்குத் தாடையும் விலா எலும்பும். ரோட்டில் ஒரு அங்குலம்கூட பிரேக் தடம் இல்லை.

பிரேக்கே போடாதவன் குடித்திருக்க வேண்டும், தூங்கியிருக்க வேண்டும், அல்லது எது நடந்தால் எனக்கென்ன என்று ஓட்டியிருக்க வேண்டும். ரத்தத்தில் சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. தூங்கியிருக்க வழியே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அன்று காலை ஐந்து மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை எட்டு மணி நேரம் அவர் ஓய்வில் இருந்தார், இதோ ஆதாரம் என்று மூன்று போட்டோ. 5.40, 9.00, 1.00. மூன்றிலும் பக்தவத்சலம் தன் வேன் சீட்டில் சாய்ந்து, காமிராவைப் பார்த்தபடி.

பாக்கி இருப்பது திமிர்தானே? இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனி தன் பாதுகாப்பு அறிக்கையை இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப் போகிறது. அதைக் கையில் வாங்கியதும் படுக்கையிலேயே வாக்குமூலம், கைது, ஜாமீன் கிடைக்காத செக்‌ஷன். லைசென்ஸ் போனால் வேனும் போகும். வேன் போனால் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

தாடையில் கம்பி கட்டிக் கிடக்கும் பக்தவத்சலம், மயக்கம் தெளிந்த பத்து நிமிஷத்தில் நர்ஸின் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினான். 'தூங்கலை'. பிறகு மறுபடி மருந்து மயக்கம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்?" என்றான் சாய்கிருஷ்ணா. "தூங்கலைன்னா ஓட்டிட்டிருந்தார்னு அர்த்தம். ஒரே உக்காரல்ல மூணு போட்டோ எடுத்து நேரத்தை மாத்திப் போட்டிருக்கானுங்க. அதே சட்டை, அதே சீட், அதே மூஞ்சி. ரெஸ்ட் எடுக்கிற மூஞ்சியா இது? தாசில்தார் ஆபீஸ்ல டோக்கன் வாங்கிட்டு நிக்கிறவன் மாதிரி கண்ணை முழிச்சிட்டிருக்கார்."

"கொசுவத்தியைப் பாத்தியா?" என்றாள் திரிபுரசுந்தரி.

"எங்க?"

"டேஷ்போர்டு மேல. முதல் போட்டோவுல முக்காவாசிக்கு மேல சுருள் இருக்கு. ரெண்டாவதுல பாதி. மூணாவதுல கட்டை விரல் அளவு. ஒரு சுருள் எரிஞ்சு தீர எட்டு மணி நேரம். நேரமெல்லாம் கணக்கா இருக்கு சாயி. போட்டோ மூணும் நெசம்."

"கொசுவத்தியையும் செட் பண்ணியிருக்கலாமே?"

"அதை யோசிச்சு சோடிக்கிற மூளை அவனுவகிட்ட இருந்தா, அந்தக் கம்பெனி இந்நேரம் உருப்பட்டிருக்கும்லா."

சாய்கிருஷ்ணாவின் ஃபோர்ஜரி முழுசாக ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. புஷ்பாவின் முகம் வெளிறியது.

"அப்போ இவர் பொய் சொல்றார்னு சொல்றீங்களா மேடம்? இவர் பொய் சொல்ல மாட்டார். மாமனார் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில முப்பத்திரண்டு வருஷம் வேலை பாத்தவர். இவரும் அதே வார்ப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆளே இல்லாத சிக்னல்ல கூட செவப்பு எரிஞ்சா நிப்பார். நான் பக்கத்துல உக்காந்து திட்டுவேன்."

திரிபுரசுந்தரி போட்டோவை வைத்துவிட்டு எழுந்தாள். "எட்டு மணி நேரம் வேனுக்குள்ளதான் இருந்திருக்காரு. ஆனா தூங்கல. ரெண்டும் நெசம்னா, நடுவுல என்னமோ இருக்கு. வீடு இருக்கும்போது வேனுக்குள்ள எதுக்கு படுக்காரு?"

"வேன் கம்பெனி யார்டை விட்டு நகந்தா ரெஸ்ட் கணக்குல வராதாம்," என்றாள் புஷ்பா. "வீடு முக்கால் மணி நேர தூரம்தான். வர விட மாட்டாங்க."

"வண்டியை எடு சாயி."

யார்டு பாலாநகர் பின்பக்கம், ஒரு சாக்கடையின் கரையில் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கொசு வரவேற்றது. அங்கே கொசுவுக்குப் பகல், இரவு என்ற பேதமெல்லாம் கிடையாது. வாசலில் ஜெட்பந்துவின் பளபளப்பான போர்டு, 'பார்ட்னர் ரிலாக்ஸ் ஸோன்' என்றது. உள்ளே ரிலாக்ஸுக்கு உண்டான சாமான்கள் ஒரு குழாய், ஒரு தகரக் கூரை, பூட்டிக் கிடந்த ஒரு கக்கூஸ். அதன் கதவில் 'உங்கள் நலமே எங்கள் வேகம்' என்று எழுதியிருந்தார்கள். எழுதினவன் அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்க மாட்டான்.

தகர நிழலில் பத்தொன்பது குட்டி வேன்கள் வரிசையாக நின்றன. காத்தாடி ஓடும் சத்தமும் குறட்டையும் தவிர வேறு ஓசை இல்லை. மணி பதினொன்று முப்பத்தெட்டு.

"இவனுங்கெல்லாம் நல்லாத்தான் தூங்கறானுங்க," என்று முணுமுணுத்தான் சாய்கிருஷ்ணா. "நம்ம ஆளுக்கு மட்டும் என்ன கேடு?"

இரண்டு நிமிஷம் கழித்து வரிசையின் கோடியிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. தேன் குழைத்த குரல். அன்பான பார்ட்னரே, நீங்கள் ஓய்வில்தானே இருக்கிறீர்கள் என்று முதலில் தெலுங்கில் கேட்டது, பிறகு இந்தியில். ஒரு குரல் இல்லை, ஒரே குரல் பத்தொன்பது போனிலிருந்து. போன்கள் அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் கிடந்தன. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு லுங்கி கட்டிய ஒருவன் முதல் வேனை நோக்கி ஓடினான்.

சாய்கிருஷ்ணா பக்கத்து வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ" என்று இரண்டடி பின்னால் வந்தான்.

உள்ளே இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று சீட்டில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று அதற்கு மேலே, பின் கண்ணாடியில் தொங்கியது. படிய வாரின தலை, பவுடர் போட்ட முகம், பெரிய சிரிப்பு, அகலத் திறந்த கண்கள். கவுன்சிலர் பிறந்தநாளுக்கு முச்சந்தியில் கட்டுகிற ஃப்ளெக்ஸில் நிஜ அளவுக்கு அச்சடித்த, சீட்டில் தூங்குகிறவனுடைய முகமேதான். லுங்கிக்காரன் வந்தான், கூடையிலிருந்து சரியான போனை எடுத்தான், ஃப்ளெக்ஸ் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு க்ளிக். போன் 'நன்றி பார்ட்னர், இனிமையான ஓய்வு' என்றது. சீட்டில் இருந்தவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

பத்தொன்பது வேனையும் நாலரை நிமிஷத்தில் முடித்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவன் இவர்களைப் பார்த்தான். கூடை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"கம்பெனியா?" என்றான் தெலுங்கில்.

"கம்பெனி ஆளுங்க இந்தக் கொசுவுல வருவாங்களாய்யா?" என்றான் சாய்கிருஷ்ணா தமிழில். "பக்தவத்சலம் வீட்டு ஆளுங்க."

அவன் பேர் பத்ரி. லாலாகுடாத் தமிழன், அவனும் வேன் ஓட்டுகிறவன்தான். இன்றைக்குக் கூடை தூக்குகிற முறை அவனுடையது.

"போன வருஷம் ரெண்டு ஆக்சிடென்ட் ஆச்சு மேடம். பேப்பர்ல வந்துச்சு. உடனே கம்பெனி இந்த ரூலைப் போட்டுச்சு. சுகநித்ரா ஸ்கீம்னு பேரு. பத்து மணி நேரம் ஓட்டினா எட்டு மணி நேரம் ரெஸ்ட். நல்ல ரூல்தானே? ஆனா நாம ரெஸ்ட் எடுக்கிறோமா, இல்ல வேற கம்பெனி லோடு அடிக்கிறோமான்னு அவங்களுக்குச் சந்தேகம். அதனால நாப்பது நிமிஷத்துக்கு ஒரு வாட்டி போன் கேக்கும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள நம்ம மூஞ்சியைப் போட்டோ எடுத்து அனுப்பணும். போகலைன்னா ரெஸ்ட் ஜீரோவாயிடும். திரும்ப முதல்லேர்ந்து எட்டு மணி நேரம். அதுவரைக்கும் லோடு கிடையாது."

"தூங்கிட்டிருக்கிற போட்டோவை யாராவது எடுத்து அனுப்பினா?" என்று கேட்டாள் திரிபுரசுந்தரி.

"நக்கோ மேடம், நடக்காது. கண்ணு மூடியிருந்தா ஆப் வாங்காது. 'முகம் தெளிவாக இல்லை, கண்களைத் திறக்கவும்'னு வரும்."

சாய்கிருஷ்ணாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு மனுஷன் தூங்குகிறான் என்பதற்கு அத்தாட்சியாக அவன் விழித்திருக்கும் போட்டோவைக் கேட்டிருக்கிறான் ஒரு படித்த முட்டாள். அதை இன்னொரு படித்த முட்டாள் சரி பார்த்திருக்கிறான். ஏசி அறையில் கேக் வெட்டி அதற்கு சுகநித்ரா என்று பேர் வைத்திருப்பார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

"பக்தவத்சலத்துக்கு ஃப்ளெக்ஸ் இல்லியா?"

பத்ரி தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சுருளை எடுத்து விரித்தான். பக்தவத்சலம் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு தூசி இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

"எல்லாருக்கும் அடிக்கும்போது அண்ணனுக்கும் அடிச்சோம். வேணாம்னுட்டார். எங்கப்பா முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இன்னொருத்தன் கார்டை பஞ்ச் பண்ணினதில்லை, தன் கார்டை யாரையும் பண்ண விட்டதுமில்லைன்னார். ரூலுன்னா ரூலு, அது நம்ம நல்லதுக்குத்தான் போட்டிருப்பாங்கன்னார். நாலு மாசமா அவர் ஒருத்தர்தான் ஒவ்வொரு வாட்டியும் தானே எழுந்து போட்டோ அனுப்புவார். ஒண்ணுகூட விட்டதில்லை. போன மாசம் கம்பெனி அவருக்கு சேஃப்டி ஸ்டார்னு சர்டிஃபிகேட் குடுத்துச்சு மேடம்."

திரிபுரசுந்தரி அந்த ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். ப்ராக்ஸி பஞ்ச் செய்தவர்களை வாழ்நாளெல்லாம் துரத்தியவள். எத்தனை பேருக்குச் சம்பள உயர்வு நின்றது, எத்தனை பேர் அவள் மேஜை முன்னால் அழுதார்கள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. இங்கே ஏமாற்றின பத்தொன்பது பேரும் நன்றாகத் தூங்கி ஒழுங்காக வண்டி ஓட்டுகிறார்கள். ஏமாற்றாத ஒரே ஒருவன் சுவரில் ஏறிவிட்டான். அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று சாய்கிருஷ்ணாவால் சொல்ல முடியவில்லை. பாதி அவள் மேலேயே இருக்கும் என்று பட்டது.

"மேடம்," என்றான் பத்ரி கை கூப்பி, "இதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. ஃப்ளெக்ஸ் போச்சுன்னா நாங்க பத்தொன்பது பேரும் அண்ணன் மாதிரிதான் ஆவோம்."

"சொல்லாம எப்படிய்யா? சாட்சி வேணாமா?" என்று சாய்கிருஷ்ணா ஆரம்பித்தான்.

"சொல்லமாட்டேன்," என்றாள் திரிபுரசுந்தரி.

கச்சிபௌலிக்குப் போகும் வழியெல்லாம் சாய்கிருஷ்ணா ஹெல்மெட்டுக்குள் புலம்பிக்கொண்டே வந்தான். பத்ரியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் முதல் கேள்வியே நீ எப்படித் தூங்குகிறாய் என்பதாக இருக்கும். பக்தவத்சலத்தால் பேச முடியாது. போலீஸிடம் இருப்பதோ மூன்றே போட்டோ. மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று பார்த்தால், நடுவில் ராஜா மாதிரி தூங்கியிருப்பான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"இருக்கிற பன்னெண்டுல நல்லதாப் பாத்து மூணு பொறுக்கியிருக்கானுவ," என்றாள் பின்சீட்டிலிருந்து திரிபுரசுந்தரி. "பாக்கி ஒம்பதை அவனுவ கையாலயே எடுத்து வைக்க வைக்கணும்."

"நாம கேட்டா குடுப்பானுங்களா மேடம்?"

"கேட்டா குடுக்கமாட்டான். வேண்டாம்னு சொன்னா குடுப்பான். ஆபீசருங்களை எனக்குத் தெரியாதா?"

ஜெட்பந்துவின் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது. தரையெல்லாம் கால் புதையும் கம்பளம். வரவேற்பறையைத் தாண்டினதும் ஒரு கதவில் பிறை நிலா படம் ஒட்டி, 'ஊழியர் உறக்க அறை. தயவுசெய்து கதவைத் தட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. சாய்கிருஷ்ணா கையை ஓங்கித் தட்டப் போனான். திரிபுரசுந்தரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூட்ட அறையில் மூன்று பேர். ஆபரேஷன்ஸ் தலைவர் ராகேஷ், முப்பத்தைந்து வயது, சட்டையில் கம்பெனி பேட்ஜ். 'பார்ட்னர் நலன்' பிரிவின் தலைவி சுபாஸ்ரீ, கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது, மடியில் லேப்டாப். ஜன்னல் பக்கம் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணகுமார், சித்தூர்க்காரர், முகத்தில் சலிப்பு; புஷ்பா தரப்பில் இவர்களும் இருக்கலாம் என்று சம்மதித்தவர் அவர்தான். பேச்சு தெலுங்கிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் கலந்துதான் நடந்தது. படிப்பவர் வசதிக்காக இங்கே தமிழில்.

"சட்டப்படி டிரைவருக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் எல்லாம் உண்டே," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த ரெஜிஸ்டர் எங்கே?"

"அது தொழிலாளிகளுக்கு சார்," ராகேஷ் கனிவாகச் சிரித்தான். "இவங்க யாரும் எங்க தொழிலாளி இல்லை. பார்ட்னர்ஸ். சொந்த வண்டி, சொந்த முடிவு. சட்டம் கேக்காமலே நாங்களா குடுக்கிற சலுகைதான் சுகநித்ரா."

"பார்ட்னரா?" என்றாள் திரிபுரசுந்தரி. "அப்போ இந்த ரூலைப் போட்ட அன்னிக்கு அவரு இதுல எந்தச் சேர்ல உக்காந்திருந்தாரு?"

ராகேஷ் காது கேட்காதவன் மாதிரி அறிக்கையை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினான். மேலே அந்த மூன்று போட்டோ. மணி நாலே கால். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அந்த மூணு போட்டோவை நான் நம்பல," என்றாள் திரிபுரசுந்தரி சத்தமாக. "எட்டு மணி நேரத்துக்கு மூணே மூணு படம். நடுவுல அந்த ஆளு வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போனாரு, எங்க வந்தாருன்னு உங்களுக்குத் தெரியாது. பேருக்கு ஒரு ஸ்கீம். கண்காணிப்பெல்லாம் சும்மா கண்துடைப்பு. முப்பத்தோரு வருஷம் விஜிலன்ஸ்ல இருந்திருக்கேன், இந்த மாதிரி ஒப்புக்கு நடத்துற ஆபீஸ் எத்தனை பாத்திருக்கேன்."

சாய்கிருஷ்ணா புரிந்துகொண்டு தாளம் போட்டான். "ஹவ் மேடம், ஆமா. பெரிய கம்பெனின்னு நினைச்சோம். ஸ்கூல்ல வாட்ச்மேன்கூட மணிக்கு ஒரு வாட்டி பெல் அடிக்கிறான்."

ராகேஷின் கனிவு காணாமல் போயிற்று. "மணிக்கு ஒரு தடவையா? நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை மேடம்! நாட்டிலேயே எங்ககிட்டதான் இந்த டெக்னாலஜி இருக்கு."

"ராகேஷ்," என்றாள் சுபாஸ்ரீ. அவளுக்கு எங்கேயோ இடறியது. "அறிக்கையில மூணு போதும்னு லீகல்ல..."

"இருக்கிறதைக் காட்ட எதுக்கு பயம்? பன்னிரண்டையும் போடுங்க."

சுவரில் இருந்த பெரிய டிவியில் பன்னிரண்டு பக்தவத்சலங்கள் வரிசையாக வந்தார்கள். முதல் படத்தில் கொஞ்சம் தெம்பாக. நாலாவதில் இமை வீங்கி. ஏழாவதில் ஒரு விரலால் மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பத்தாவதில் கண் திறந்திருந்தது, ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. சாய்கிருஷ்ணா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நசுங்கின வண்டிகள் ஆயிரம் பார்த்தவன், இதைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாம் நெசமான போட்டோதானே? நேரமெல்லாம் சரிதானே?" என்றாள் திரிபுரசுந்தரி.

"நூத்துக்கு நூறு."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?"

ராகேஷ் அலட்சியமாக ஒரு தாளை இழுத்து எழுதிக் கையெழுத்திட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் தள்ளினான். இன்ஸ்பெக்டர் அதை எடுக்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு இவர் என்ன செய்திட்டிருந்தார்?"

"ஓய்வு சார்."

"ஏழு நாப்பதுக்கு?"

"ஓய்வு."

"எட்டு இருபதுக்கு?"

ராகேஷ் இந்தத் தடவை டிவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எல்லாத்துலயும் கண் திறந்திருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கண்ணை மூடியிருந்தா ஆப் ஏத்துக்காது சார்," என்று சன்னமாகச் சொன்னாள் சுபாஸ்ரீ. ராகேஷ் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வேலை போயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவளும் அந்தப் பத்தாவது படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டுக் கேஸ்ல பிடிச்சவனைக்கூட நாங்க இப்படி எழுப்பினா கோர்ட்டு எங்களைக் கிழிச்சிடும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவரை எட்டு மணி நேரத்துல பன்னிரண்டு தடவை எழுப்பிட்டு, கையில வண்டியைக் குடுத்து அவசரம்னு அனுப்பியிருக்கீங்க. அப்புறம் இவர் தூங்கியிருக்க முடியாதுன்னு எனக்கே ரிப்போர்ட் வேற."

ராகேஷ் எழுந்துவிட்டான். "சார், ஒரே ஒருத்தரை வெச்சு முடிவு பண்ணாதீங்க! மத்தவங்களும் இதே ஸ்கீம்லதான் இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? இங்க பாருங்க."

டிவியில் படம் மாறியது. பத்ரி. பன்னிரண்டு பத்ரிகள். பன்னிரண்டிலும் ஒரே சிரிப்பு, ஒரே பவுடர், நெற்றியில் அதே இடத்தில் அதே ஒரு முடி. ஐந்தாவது படத்தில் தோளுக்கு மேலே, ஃப்ளெக்ஸைக் கயிறு கோத்துக் கட்டுவதற்கான பித்தளை வளையம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

சாய்கிருஷ்ணா அதைப் பார்த்துவிட்டான். பத்தொன்பது பேருடைய தூக்கமும் அந்த வளையத்தில் தொங்கியது. ராகேஷ் அதைக் கவனிக்கவில்லை. நாலு மாசமாக தினமும் வருகிற படங்களைக் கம்பெனியில் ஒரு பிராணிகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் இன்ஸ்பெக்டர் எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்றார். மாசத்துக்கு நூறு ஃப்ளெக்ஸ் அவிழ்த்து ஸ்டேஷனில் குவிக்கிற மனுஷர். வளையத்தைப் பார்த்தார். திரும்பித் திரிபுரசுந்தரியைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷ விஜிலன்ஸ்காரி கண் சிமிட்டாமல் சொன்னாள். "நல்ல லட்சணமான பையன்."

"நல்லாத் தூங்கி எழுந்த முகம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவங்க யாரையும் நான் விசாரிக்க வேண்டியதில்லை. நிறுத்துங்க."

அவர் நாற்காலிக்குத் திரும்பி, ராகேஷ் கையெழுத்திட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"உங்க முழுப் பேர் சொல்லுங்க. அப்பா பேர், வீட்டு விலாசம்."

"எதுக்கு சார், சாட்சிக்கா?"

"அப்பா பேரை நாங்க சாட்சிகிட்ட இவ்வளவு பொறுமையாக் கேக்கமாட்டோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ராகேஷ் யாருக்கோ போன் செய்யப் பார்த்தான். இரண்டு தடவை தப்பான எண்ணைத் தொட்டான். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரின் போன் முந்திக்கொண்டு அடித்தது. ஆஸ்பத்திரியில் பக்தவத்சலத்தின் படுக்கையோரம் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள். நாலரைக்கு அவனை எழுப்பி வாக்குமூலம் வாங்கச் சொல்லிக் காலையிலேயே உத்தரவு. எழுத நோட்டும் ரைட்டரும் தயாராம். சார் சொன்னால் எழுப்பிவிடலாமாம்.

"தூங்குறாரா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஆமாம் என்று அந்தப் பக்கம் சொன்னது இந்த அறை வரைக்கும் கேட்டது.

"எழுப்பாதே. யாரையும் எழுப்ப விடாதே, டாக்டரா இருந்தாலும் கேட்டுத்தான் உள்ளே விடு."

"எத்தனை மணி வரைக்கும் சார்?"

"அவரா கண்ணைத் திறக்கிற வரைக்கும்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.